கராட்டிங்கா காடு: ஒரு காபித் தோட்டக்காரரின் வாக்கு சட்டமான கதை

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், கராட்டிங்கா நகராட்சிக்கு உட்பட்ட மலைச்சரிவுகளில் 957 ஹெக்டேர் காடு நிற்கிறது. ஏக்கரில் சொன்னால் சுமார் 2,365. சதுரக் கணக்கில் பத்து கிலோமீட்டர் கூட வராது. சுற்றிலும் காபித் தோட்டங்கள், மாடு மேயும் புல்வெளிகள். இது அரசின் காடு அல்ல. ஒரு குடும்பத்தின் சொத்து. உலகில் ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் வடக்கு முரிக்கி என்ற குரங்கினத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தச் சிறிய நிலத்தில்தான் வாழ்ந்தது.

தனியார் கையில் காடு என்றால் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். இன்று இருப்பவர் நல்லவர், சரி. நாளை பிள்ளைகள் வருவார்கள், கடன் வரும், வாங்க ஆள் வரும். அப்போது? இந்தச் சந்தேகத்துக்குப் பதில் தேட கராட்டிங்கா போல் பொருத்தமான இடம் குறைவு. ஒரே காட்டில் மூன்று கட்டங்களையும் பார்க்க முடிகிறது: தனிமனிதரின் சொல்லை மட்டும் நம்பி நின்ற காலம், சட்டம் வந்து தாங்கிய காலம், அந்த இரண்டாலும் தீர்க்க முடியாத சிக்கல்கள் வெளியே வந்த காலம்.

வாங்கிய நிலம், கொடுத்த வாக்கு

ஃபெலிசியானோ மிகெல் அப்டாலா என்ற காபி விவசாயி 1944-இல் மொன்டெஸ் கிளாரோஸ் பண்ணையை வாங்கினார். விற்றவர் ஒரு வேண்டுகோள் வைத்தார்: மலைமேல் இருக்கும் காட்டை வெட்ட வேண்டாம். அப்டாலா ஒப்புக்கொண்டார். அதோடு விஷயம் முடிந்தது. இப்படிச் சொல்லிவிட்டு வாங்கிய மறு வருஷமே கோடாரி எடுத்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இவர் எடுக்கவில்லை. வேட்டைக்கும் இடம் கொடுக்கவில்லை. முரிக்கி இறைச்சிக்காகப் பரவலாகச் சுடப்பட்ட விலங்கு என்பதால், மரத்தை விட்டுவைத்ததற்கு இணையான முக்கியத்துவம் இதற்கும் உண்டு.

அவர் காலத்தில் அட்லாண்டிக் காடு போன வேகத்தை வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். பிரேசிலின் கிழக்குக் கடற்கரையை ஒட்டி நீண்டு கிடந்த அந்த மழைக்காட்டைக் கரும்பு, காபி, மாட்டுப் பண்ணை, இரும்பு உருக்க வேண்டிய அடுப்புக்கரி என்று ஒவ்வொன்றாக வந்து தின்றன. 2009-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி பழைய பரப்பில் 11 முதல் 16 சதவீதம்தான் மிச்சம். எஞ்சிய துண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை 50 ஹெக்டேரைக்கூட எட்டாதவை. அந்த வரிசையில் 957 ஹெக்டேர் பெரிய காடு என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே நிலைமை எவ்வளவு மோசம் என்று காட்டுகிறது.

அப்டாலாவை மகானாக்கிச் சொல்வது எளிது. ஆனால் அதனால் பயன் இல்லை. அவர் பண்ணை முதலாளி. வருமானம் ஏற்கெனவே திருத்தப்பட்ட நிலத்திலிருந்து, காபியிலும் மாட்டிலும் வந்தது. காட்டைத் தொடாமலே குடும்பம் நடத்த முடிந்தவர் அவர். பக்கத்தில் ஐந்து ஹெக்டேர் வைத்திருந்த சிறு விவசாயியிடம் அதே வாக்கைக் கேட்டிருந்தால் அவரால் எத்தனை வருஷம் காப்பாற்றியிருக்க முடியும்? தனியார் காடு பற்றிய பேச்சில் இந்தக் கேள்வி அடிக்கடி காணாமல் போய்விடுகிறது. பிழைப்புக்கு வேறு வழி இருக்கிறவரால்தான் காட்டைச் சும்மா விட முடியும்.

சட்டம் அப்போது என்ன கேட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1965-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி, இந்தப் பகுதியில் ஒரு பண்ணையின் 20 சதவீதத்தைக் காடாக வைத்திருந்தால் போதும். அந்தச் சட்டத்தையும் எல்லோரும் மதித்து நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆக 1944 முதல் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இந்தக் காட்டுக்கு உண்மையான காவல் ஒரு மனிதரின் பிடிவாதம்தான்.

காடும் தொடப்படாத காடு அல்ல. சில சரிவுகளில் பழைய மரங்கள் உண்டு. வேறு சில இடங்களில் மரம் எடுத்த பிறகு மீண்டும் எழுந்த இளங்காடு, கொடிகள் பின்னிய ஓரங்கள். மழைக்காட்டு வகை என்றாலும் ஆண்டில் ஐந்தாறு மாதம் காய்ந்து கிடக்கும். பல மரங்கள் அப்போது இலை உதிர்க்கும். பார்த்தவுடன் வாயைப் பிளக்க வைக்கும் காடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இலையும் பழமும் தின்னும் முரிக்கிக்கு இந்த இளங்காடு நன்றாகவே ஒத்துப்போனது. ஓரங்களில் தாராளமாக வளரும் மாபியா மரம் மற்ற உணவு குறையும் காலத்தில் பூக்கும். முரிக்கிகள் அந்தப் பூங்கொத்துகளில் முகத்தைப் புதைத்துத் தேனை நக்கும். முகமெல்லாம் மகரந்தம் அப்பிக்கொள்ளும். அறிவியலாளர்கள் ‘தரம் குறைந்த காடு’ என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஓரம் ஒன்று, அருகிவரும் இனத்துக்கு வறண்ட மாதச் சாப்பாடு போடுகிறது.

எண்ணத் தொடங்கியவர்கள்

1960-களில் அல்வாரோ அகிரே என்ற பிரேசில் ஆய்வாளர் முரிக்கிகள் எங்கெங்கே மிச்சம் என்று தேடி அலைந்தார். ஐரோப்பியர் வந்த காலத்தில் நான்கு லட்சம் இருந்திருக்கலாம், இப்போது மூவாயிரம்தான் என்று அவர் 1971-இல் எழுதினார். அந்தக் கணக்கில் வடக்கு, தெற்கு முரிக்கி இரண்டும் சேர்த்தி. 1970-களில் செலியோ வாலே என்ற விலங்கியல் பேராசிரியரும், பிறகு ரஸ்ஸல் மிட்டர்மையர் போன்ற குரங்கியலாளர்களும் அப்டாலாவின் பண்ணைப் பக்கம் கவனத்தைத் திருப்பினார்கள். 1983-இல் காட்டுக்குள் ஓர் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு முதல் முறையாக வந்துபோன ஹார்வர்டு ஆராய்ச்சி மாணவி காரன் ஸ்ட்ரையர், பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, நாற்பது ஆண்டுகளாக இதே குரங்குகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்.

வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். இங்கே குரங்குக்கு மயக்க ஊசி இல்லை, கழுத்தில் பட்டை இல்லை. வடக்கு முரிக்கி வளர வளர அதன் கறுத்த முகத்தில் இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும். இரண்டு முகங்களில் ஒரே மாதிரி விழாது. அதை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். குட்டி பிறந்தால் தாயின் பெயரில் உள்ள முதல் எழுத்திலேயே அதற்கும் பெயர். பட்டியலைப் பார்த்தாலே எது எந்த வம்சம் என்று தெரிந்துவிடும். கர்ப்பமா, சினைக்கு வந்திருக்கிறதா, தகப்பன் யார் என்பதெல்லாம் கீழே விழும் சாணத்திலிருந்து தெரியும். அதில் உள்ள ஹார்மோன், டி.என்.ஏ. இரண்டும் ஆய்வகத்தில் பேசும். முரிக்கிச் சாணத்தில் லவங்கப்பட்டை வாசம் வரும் என்று ஸ்ட்ரையர் எழுதியிருக்கிறார். குரங்கு ஆராய்ச்சியில் இப்படி ஒரு வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை!

இப்படித் தெரியவந்தவற்றில் ஒன்று அவற்றின் சமூகம். அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளில் உருவில் பெரியவை முரிக்கிகள். ஆனாலும் ஆண்கள் சண்டை போட்டு இடம் பிடிப்பதில்லை. வாலில் தொங்கியபடி ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும். பெண்ணுக்காகக் காத்திருக்கும்போதும் அடிதடி இல்லை. 2011-இல் வந்த தந்தைவழி ஆய்வு, 22 குட்டிகளுக்கு 13 ஆண்கள் தகப்பன்மார்கள் என்று காட்டியது. எந்த ஒரு ஆணும் குட்டிகளில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தன் பெயரில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆண்கள் பிறந்த கூட்டத்திலேயே தாயோடு கடைசிவரை இருக்கும். பெண்கள் ஆறு வயதை ஒட்டிக் கூட்டத்தை விட்டுப் போய்விடும். இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள்; காட்டின் பெரிய சிக்கல் அதில்தான் இருக்கிறது.

ஆய்வு நிலையம் இங்கே பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. தினமும் காலையில் மாணவர்கள் நுழையும் காட்டில் திருட்டு வேட்டைக்காரன் நிம்மதியாக நடமாட முடியாது. அப்புறம், ஊரே அறியாத ஒரு பண்ணை உலகம் அறிந்த இடமானது. குரங்கியலில் பல பத்து பிரேசில் மாணவர்கள் இங்கே பயின்று போனார்கள். யாராவது இந்தக் காட்டின்மேல் கைவைக்க நினைத்தால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது என்ற நிலை உருவானது.

நன்றாகத் தெரிந்த எண்ணிக்கை

1980-களின் தொடக்கத்தில் இந்தக் காட்டில் முரிக்கிகள் 50, 60 என்ற அளவில் இருந்தன. 2010 வாக்கில் 300-ஐ நெருங்கின. பாதுகாப்புக் கதைகளில் இப்படி ஒரு ஏறுமுகம் கிடைத்தால் பெரும்பாலும் அங்கேயே கைதட்டி நிறுத்திவிடுவார்கள். ஸ்ட்ரையரும் சூழலியலாளர் அந்தோனி ஐவ்ஸும் 28 ஆண்டுப் பதிவுகளைத் தோண்டி 2012-இல் வெளியிட்ட ஆய்வு அப்படி நிறுத்தவில்லை.

கூட்டம் பெருகப் பெருக வளர்ச்சி வேகம் குறைந்தது. சாவு கூடியது. பிறப்பிலும் ஆண் குட்டிகள் பங்கு ஏறியது. மெதுவாகப் பெருகும் இனத்துக்கு இது நல்ல சகுனம் அல்ல. பெண் முரிக்கி முதல் குட்டி போடவே ஏறக்குறைய ஒன்பது வயது ஆகும்; அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒன்று. இந்தக் கணக்குப்படி எண்ணிக்கை 200-இல் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஏனென்றால் எதிர்பாராத விதமாகப் பெண்களின் பிரசவ விகிதம் கூடியது.

காரணம் தரை. மரத்தைவிட்டு அரிதாகவே இறங்கும் குரங்கு, இங்கே இறங்கப் பழகியது. முதலில் ஆண்கள் சில, அப்புறம் மற்றவையும். விழுந்த பழத்தைப் பொறுக்கின, தண்ணீர் குடித்தன, உட்கார்ந்து இளைப்பாறின. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்ட பழக்கம் இது. காட்டின் பரப்பு கூடவில்லை; ஆனால் கீழ்த்தளம் ஒன்று புதிதாகக் கிடைத்த மாதிரி ஆனது. அதற்கு விலையும் உண்டு. முதிர்ந்த ஆண்களின் சாவு கூடியதையும் ஆய்வாளர்கள் இதே தரை வாழ்க்கையோடு சேர்த்தே பார்க்கிறார்கள். ஓசலாட் என்ற காட்டுப்பூனை இந்தக் காட்டில் குரங்குகளைத் தின்கிறது என்பது அதன் எச்சத்தை ஆராய்ந்தபோதே தெரிந்த விஷயம்.

என்னைக் கேட்டால், கராட்டிங்காவின் மதிப்புமிக்க பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எண்ணிக்கை மட்டும் கையில் இருந்திருந்தால் ‘காடு போதும்’ என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். ஒவ்வொரு குரங்கின் பிறப்பும் இறப்பும் கையில் இருந்ததால்தான் ‘இடம் நெருக்குகிறது’ என்று தெரிந்தது. நிலத்தை வாங்கி வேலி போடப் பணம் தரும் கொடையாளர்கள், இருபது ஆண்டு கணக்கெடுப்புக்குப் பணம் தரத் தயங்குகிறார்கள். இரண்டில் எது இல்லாவிட்டாலும் மற்றது பாதி வேலைதான்.

பத்திரத்தில் ஏறிய காடு

2000-இல் அப்டாலா காலமானார். சாதாரணமாக இது பாகப்பிரிவினை நேரம். ஒருவர் விற்க நினைப்பார், ஒருவர் வைத்துக்கொள்ள நினைப்பார், காடு துண்டாகும். இங்கே வாரிசுகள் வேறு வழி எடுத்தார்கள். 2001-இல் காட்டுப் பகுதி முழுவதும், அவர் பெயரிலேயே, தனியார் இயற்கைப் பாரம்பரியக் காப்பகமாகப் பதிவானது. பிரேசிலில் இதை ஆர்.பி.பி.என். என்று சுருக்கிச் சொல்வார்கள்.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல நாடுகளில் இதற்கு இணையான ஒன்று இல்லை. 1990-இல் ஓர் அரசாணை மூலம் வந்து, 2000-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டத்தில் இடம்பிடித்தது. உரிமையாளர் தானாக முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும். அரசு வற்புறுத்த முடியாது. அதிகாரிகள் நிலத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டால், உரிமையாளர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திடுவார். அது நிலப்பதிவு அலுவலகத்தில் அந்தச் சொத்தின் ஏட்டில் ஏற்றப்படும். நம் ஊர் வில்லங்கச் சான்றிதழில் தெரியும் அடமானம் மாதிரி, சொத்து யார் கைக்குப் போனாலும் அதுவும் கூடவே போகும். வித்தியாசம், இந்த அடமானத்தை உரிமையாளரால் மீட்க முடியாது. நிலத்தை விற்கலாம், எழுதிவைக்கலாம். மரம் வெட்டவோ பயிர் வைக்கவோ வேட்டையாடவோ முடியாது. ஆராய்ச்சி, கல்வி, சுற்றுலா மூன்றுக்கும் அனுமதி உண்டு.

அரசு காசு கொடுத்து வாங்குவதில்லை, உரிமை மாறுவதில்லை என்பதால் அரசியல் எதிர்ப்பும் குறைவு. இன்று நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்.பி.பி.என்.கள் இருக்கின்றன, அட்லாண்டிக் காட்டுப் பகுதியில்தான் அதிகம். அங்கே மிச்சக் காட்டின் பெரும்பகுதி தனியார் கையில் இருக்கும்போது வேறு எப்படி?

உரிமையாளருக்கு என்ன லாபம்? ஊரக நிலவரியிலிருந்து அந்தப் பரப்புக்கு விலக்கு. பிரேசிலில் அந்த வரியே பெரிய தொகை அல்ல. தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, காவலாள், பாதை பராமரிப்பு எல்லாம் சொந்தச் செலவு. இன்னொரு வேடிக்கை: மினாஸ் ஜெராய்ஸ் மாநிலம் 1995-இலிருந்து, எல்லைக்குள் பாதுகாக்கப்பட்ட பகுதி வைத்திருக்கும் நகராட்சிகளுக்கு வரிப்பங்கில் கொஞ்சம் கூட்டித் தருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் காட்டைக் காப்பது ஒரு வீடு, பணம் போய்ச் சேருவது நகராட்சிக்கு. நகராட்சி மனம் வைத்தால் காப்பகத்துக்குத் திருப்பித் தரலாம். தந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கராட்டிங்காவில் குடும்பத்தினர் அமைத்த ஓர் அமைப்பே காட்டைக் கவனிக்கிறது. குரங்கும் பறவையும் பார்க்க வருகிறவர்களின் கட்டணம், ஆய்வுத் திட்டங்கள், நன்கொடை என்று வண்டி ஓடுகிறது.

பத்திரத்துக்கு அடங்காதவை

2016 கடைசியில் மினாஸ் ஜெராய்ஸில் மஞ்சள் காய்ச்சல் வெடித்தது. மரக்கிளை மட்டத்தில் வாழும் கொசுக்கள் பரப்பும் வைரஸ். மனிதருக்குத் தடுப்பூசி இருந்தது, காட்டுக் குரங்குக்கு அப்போது இல்லை. கராட்டிங்கா காட்டில் முரிக்கியோடு இன்னும் மூன்று குரங்கினங்கள் உண்டு: பழுப்பு ஊளைக்குரங்கு, கப்பூச்சின், வெளிர்தலை மார்மொசெட். ஒரே பருவத்தில் ஊளைக்குரங்குகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் செத்துப்போயின. மார்மொசெட்டுகளும் பெரும்பாலும் அழிந்தன. கப்பூச்சின்கள் கணிசமாகக் குறைந்தன. முரிக்கிகளுக்கு அடி ஒப்பீட்டில் லேசுதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் கடும் வறட்சி அவற்றை ஏற்கெனவே தட்டியிருந்தது. 2010-களின் நடுவில் உச்சம் தொட்ட எண்ணிக்கை அதன்பின் இறங்குமுகம் ஆனது.

நோயைக் குரங்கு பரப்புகிறது என்று பயந்து, அந்தக் காலத்தில் பிரேசிலின் பல இடங்களில் மக்கள் குரங்குகளை அடித்துக் கொன்றார்கள். உண்மையில் குரங்கு சாவது மனிதருக்கு முன்னெச்சரிக்கை மணி. மணியை உடைத்தால் யாருக்கு நஷ்டம்?

பரந்த காடாக இருந்தால், கொள்ளைநோய் ஓய்ந்ததும் பக்கத்துக் காட்டிலிருந்து குரங்குகள் வந்து வெற்றிடத்தை நிரப்பும். கராட்டிங்காவுக்குப் பக்கத்துக் காடு என்று சொல்ல எதுவும் ஒட்டி இல்லை. முரிக்கிப் பெண்களின் பழக்கம் இங்கேதான் உதைக்கிறது. ஆறு வயதில் கூட்டத்தைவிட்டுக் கிளம்பும் பெண், இந்தக் காட்டுக்குள் இருக்கும் வேறொரு கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் பரவாயில்லை. மட்டாவோ, ஜாவோ, நாதீர், மட்டாவோ-2 என்று நான்கு கூட்டங்கள் உண்டு. ஆனால் தலைமுறைகள் போகப் போக எல்லாம் ஒரே ரத்தம். வெளியே நடந்து போனாலோ, எதிரே புல்வெளியும் நாயும் சாலையும். உறவுக்குள் இணைசேர்வதைத் தவிர்க்க இயற்கை வைத்த ஏற்பாடே, துண்டான காட்டில் பெண்களை வெளியே தள்ளி இழக்கும் ஏற்பாடாகிவிடுகிறது. 957 ஹெக்டேர் பத்திரம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் 958-ஆவது ஹெக்டேர் பற்றி அது வாய் திறக்காது.

அதனால்தான் இங்கே வேலை இப்போது எல்லைக்கு வெளியே நகர்ந்திருக்கிறது. அதே மாநிலத்தின் சிமொனேசியாவில் உள்ள சொசேகோ காட்டிலும் முரிக்கிகள் உண்டு. அதன் ஒரு பகுதியும் தனியார் காப்பகம்தான், ஒரு பாதுகாப்பு அறக்கட்டளையின் சொத்து. இரண்டு காடுகளையும் இணைக்க மரப்பாதை வளர்க்கும் முயற்சி நடக்கிறது. இடையில் இருப்பவை ஏராளமான சிறு காபி நிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர், தனிக் கணக்கு. ஒருவர் மறுத்தால் பாதை அங்கே அறுந்துவிடும். வரிவிலக்கு காட்டி அவர்களை இழுக்க முடியாது. சரிவில் மரம் நின்றால் ஊற்று வற்றாது, மண் அரிக்காது என்பதும், சட்டப்படி விட வேண்டிய காட்டை எங்கே விட்டால் இரண்டு தரப்புக்கும் பயன் என்பதும்தான் அங்கே எடுபடும் பேச்சு. நட்ட கன்று, பத்து கிலோ எடையுள்ள ஒரு குரங்கு கிளைக்குக் கிளை தாவிப் போகும் உயரத்துக்கு வர ஆண்டுகள் பல ஆகும். அதுவரை காடுவிட்டுக் காடு போக வேண்டிய பெண்களை மனிதர்களே பிடித்துக் கொண்டுபோய் விடுவது ஒரு வழி. ஆனால் அது ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனி அனுமதி, மருத்துவர், செலவு, ஆபத்து என்று போகும் காரியம், ஓர் இனத்தையே அப்படித் தூக்கிச் சுமந்துகொண்டிருக்க முடியாது.